பர்மிஷன் எண்ணக்கூடிய பொருள் அல்ல

போன மாதம் ஒரு மத்தியானம் பிரேமா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இப்போது பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கட்டடத்தில் மனிதவளத் துறையில் இருக்கிறாள்.

"மேடம், ஒரு சின்ன டவுட். ‘டூ பர்மிஷன்ஸ் பெர் மன்த்’னு சர்க்குலர் அடிக்கிறேன். அந்த எஸ் போடலாமா, கூடாதா? எங்க மேனேஜர் கூடாதுங்கறார். ஏன்னு கேட்டா அவருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும். அந்த எஸ் ஏன் கூடாது என்று அரை மணி நேரம் நின்றுகொண்டே பாடம் கேட்டவள் நான். பிரேமாவுக்குப் பதில் சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் அந்த வார்த்தை அன்று முழுக்க வாயை விட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்புலியூரில் வீடு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர், பிறகு ஷார்ட்ஹேண்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருத்தர் சொல்லி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தொரு வயது. லாரிகளுக்கு வேண்டிய ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. வெந்த ரப்பரின் நாற்றம் புடவையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு அங்குலம் தள்ளி உட்காரும் அளவுக்குப் பக்தியாக வேலை செய்தோம்.

பர்சனல் ஆபீசர் ராகவன் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலத்தில் மை தீர்ந்து நான் பார்த்ததில்லை. சிவப்புக்கு மட்டும் மாதம் ஒரு பாட்டில் வாங்கி வைப்பேன். எந்தக் காகிதம் வந்தாலும் ஒரு மரஸ்கேலை எடுத்து முதல் வரியின் கீழே வைத்து, அந்த வரியைப் படித்து முடித்த பிறகுதான் ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவார். ஒன்றரை வரி லீவ் லெட்டருக்கும் அதே மரியாதை. தப்பு கண்ட இடத்தில் அடித்து, மேலே சரியான வார்த்தையை எழுதி, ஓரத்தில் இனிஷியல் போட்டு, தேதி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து மணியும் நிமிஷமும் எழுதுவார்.

"நேரம் போடாத இனிஷியல் வதந்தி மாதிரி, மேடம்" என்பார்.

நான் சேர்ந்த ஐந்தாவது மாதம் என் தங்கைக்கு நிச்சயம். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். ‘ப்ளீஸ் கிவ் மீ எ பர்மிஷன்’ என்று அழகாக டைப் அடித்து அவர் மேசையில் வைத்தேன். ஸ்கேல் இறங்கியது. சிவப்புப் பேனா ஒரே ஒரு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டது.

"இந்த ‘எ’ எதுக்கு?"

"ஒரு பர்மிஷன்தான் சார் வேணும்."

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண அது என்ன வாழைப்பழமா? பர்மிஷன் தண்ணி மாதிரி, காத்து மாதிரி. அன்கவுண்டபிள் நவுன். ‘எ’ வராது, எஸ் வராது. பர்மிஷன் டு லீவ், பர்மிஷன் டு என்டர், அப்படித்தான் வரும். வித் பர்மிஷன், வித்தவுட் பர்மிஷன். இதுக்கு மேல அந்த வார்த்தையில ஒண்ணும் இல்ல. திருப்பி அடிச்சிட்டு வாங்க."

திருப்பி அடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது தடவை ஸ்கேல் எங்கேயும் நிற்காமல் கடைசி வரைக்கும் இறங்கியது. அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

"இப்ப லெட்டர் சரியா இருக்கு" என்றார். "ஆனா இன்னைக்கு ஆடிட்டர் வராரு. பர்மிஷன் இல்ல."

தங்கை நிச்சயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

டைப்பிஸ்ட் பாடு இப்படி என்றால் ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வெளியே போக ஒரு முறை இருந்தது. பழைய சைக்ளோஸ்டைல் தாள்களை நாலாகக் கிழித்து வைத்திருப்போம். அதன் பின்பக்கத்தில் காரணம் எழுத வேண்டும், இங்கிலீஷில். சூப்பர்வைசர் நீல மையில் கையெழுத்துப் போடுவார். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் தடுப்பில் இருந்த சதுர ஓட்டைக்கு வந்தால் நான் வாங்கி உள்ளே கொண்டுபோவேன். சார் சிவப்பில் இனிஷியல் போடுவார். அந்தச் சீட்டைக் கொடுத்தால்தான் கேட்டில் மாணிக்கம் அண்ணன் வெளியே விடுவார். ராணுவத்தில் இருந்து வந்தவர் அவர். வெளியே போன நேரத்தைச் சீட்டின் மூலையில் எழுதி, மேசைமேல் நட்டு வைத்திருந்த கம்பியில் குத்தி வைப்பார். சீட்டு இல்லாமல் முதலாளியே வந்தாலும் யோசிப்பார் என்று சொல்வார்கள். முதலாளி நடந்து வந்து நாங்கள் பார்த்ததில்லை என்பதால் உண்மையா என்று தெரியாது.

நம் ஆட்கள் ‘பர்மிஷன் போட்டுட்டேன்’ என்பார்கள். ‘பர்மிஷன் எடுத்துக்கினு போறேன்’ என்பார்கள். ‘பர்மிஷன் சொல்லிட்டு வந்துட்டேன்’ என்பதும் உண்டு. இதையெல்லாம் அப்படியே இங்கிலீஷாக்கிச் சீட்டில் எழுதுவார்கள். ‘ஒன் ஹவர் பர்மிஷன் புட்’ என்று ஒருத்தர் எழுதியதைப் பார்த்து ராகவன் சார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு சர்க்குலர் டிக்டேட் செய்தார். தலைப்பு: பர்மிஷன் என்ற சொல்லைப் பயன்படுத்தும் முறை. எட்டு விதிகள். அதைக் கேன்டீனில் நோட்டீஸ் போர்டில், அன்றைய சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பர்மிஷனைக் கேட்கலாம், கோரலாம். கொடுக்கப்படும் அல்லது மறுக்கப்படும். ஒருக்காலும் எடுக்கப்படாது. அடிக்கோடு போட்ட விதி அது. கேட்காமல் எடுக்கிறவனுக்கு வேறு பெயர் இருக்கிறது என்று எனக்கு வாய்வழியாக விளக்கமும் சொன்னார்.

சாப்பாட்டுப் பட்டியலைப் படிக்க வந்த கூட்டம் இதையும் படித்தது. ஒரு வாரத்தில் எல்லாரும் ‘டேக்கன்’ என்பதை விட்டு ‘அப்டெய்ண்ட்’, அதாவது பெற்றாயிற்று, என்று எழுத ஆரம்பித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அதையும் வட்டம் போட்டுத் திருப்பினார்.

"அப்டெய்ண்டா? எங்கேருந்து? நான் இன்னும் குடுக்கவே இல்லையே."

இத்தனைக்கும் கம்பெனியின் ரூல் புத்தகத்திலேயே ‘மாதத்துக்கு இரண்டு பர்மிஷன்கள்’ என்றுதான், எஸ் போட்டு, அச்சாகியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் மேனேஜிங் டைரக்டர். அந்த வரி வரும் இடத்தில் ராகவன் சார் சோற்றில் கல் கடித்தவர் மாதிரி ஒரு கணம் நிறுத்திவிட்டுப் படிப்பார். அங்கே மட்டும் சிவப்பு மை இறங்கவில்லை.

இனி ஏழுமலை விஷயம்.

ஏழுமலை கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். அப்பாவோடு கடலுக்குப் போகாமல் மெஷின் வேலைக்கு வந்தவன். எட்டாவது படித்திருந்தான். கல்யாணம் ஆனதும் இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தான். அவன் மனைவி செல்வி தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பாள். நிறைமாசம் வரைக்கும் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

நல்ல மழைக்காலம். ஒரு நாள் பதினோரு மணி தாண்டி ஏழுமலையின் மச்சான் சைக்கிளில் கேட்டுக்கு வந்து, செல்விக்கு வலி எடுத்து நர்சிங் ஹோமில் சேர்த்திருப்பதாகவும், பிள்ளை குறுக்கே திரும்பியிருப்பதாகவும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும், புருஷன் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். செல்வியின் அம்மா கைநாட்டு வைக்கிறேன் என்றதற்கு டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம். சேதி பிரஸ் ஷாப்புக்குப் போய், சூப்பர்வைசர் பதறிப்போய்க் கையெழுத்துப் போட்டு, ஏழுமலை சதுர ஓட்டைக்கு வந்தபோது அவன் கை முழுக்க ரப்பர் கரி.

"அக்கா, சீக்கிரம் சாராண்ட குட்த்து வாங்கிக் குடு. எம் பொஞ்சாதி சீரியஸா கீது."

சீட்டில் இப்படி எழுதியிருந்தான்: ‘மை ஒய்ஃப் டெலிவரி சீரியஸ். டூ ஹவர் பர்மிஷன் டேக்கன்.’ கீழே பெயர்.

நான் உள்ளே ஓடினேன். சார் ஸ்கேலை எடுத்தார். முதல் வரியின் கீழே வைத்தார். படித்தார். இரண்டாவது வரிக்கு இறக்கினார்.

"டேக்கன்" என்றார்.

"சார், அவர் மனைவி ஆஸ்பத்திரியில..."

"படிச்சேன் மேடம். இந்த ஆளும் கேன்டீன்லதானே சாப்பிடறான்? சர்க்குலர் யாருக்குப் போட்டேன்?" ‘டேக்கன்’ என்பதை அடித்தார். மேலே ‘கிராண்டட்’ என்று எழுதினார். ஓரத்தில் இனிஷியல், தேதி. கடிகாரத்தைப் பார்த்து 11.42. "இதுதான் கரெக்ட் வேர்டுன்னு காட்டுங்க. புதுசா எழுதிட்டு வரச் சொல்லுங்க. ‘ஐ ரிக்வெஸ்ட் பர்மிஷன் டு லீவ்’னு ஆரம்பிக்கணும்."

"அவசரம் சார்."

"அதனாலதான் சொல்றேன். முக்கியமான விஷயத்தைத் தப்பில்லாம எழுதணும்."

அவர் மேசையிலிருந்து சதுர ஓட்டைக்கு எத்தனை அடி இருக்கும்? பத்து, பன்னிரண்டு. சீட்டை ஓட்டை வழியாக நீட்டினேன். ஏழுமலை சிவப்பு மையைப் பார்த்து முகம் வெளிறினான். சிவப்பில் அடித்தல் இருந்தாலே திருப்பி எழுத வேண்டும் என்றுதான் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

"இன்னாக்கா எழுதிகீறாரு?"

"கிராண்டட்."

"அப்டின்னா?"

"குடுத்தாச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாணிக்கம் அண்ணன் சீட்டை வாங்கி, இனிஷியலைப் பார்த்து, மூலையில் நேரம் எழுதிக் கம்பியில் குத்தினார். ஏழுமலை மழையில் மச்சானின் சைக்கிள் கேரியரில் தாவி ஏறினான்.

அந்த இடத்தில் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை, அவன் கேட்டதற்கு அர்த்தம் சொன்னேன், அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ‘புதுசா எழுதிட்டு வரச் சொன்னார்’ என்ற வார்த்தைகள் என் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றை விழுங்கியது நான்தான். என் தங்கையின் நிச்சயம் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. மறைப்பானேன்.

ஒரு மணி நேரம் கழித்து ராகவன் சார் கேட்டார்: "அந்த ஆள் திருப்பி எழுதிட்டு வரலையே?"

"போயிட்டார் சார்."

அவர் பேனாவை மூடினார்.

ஏழுமலை இரண்டு மணி நேரத்தில் வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. மச்சான் கேட்டில் வந்து, பெண் குழந்தை, செல்விக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நாலாம் நாள் ஏழுமலை வேலைக்கு வந்தபோது அவனுக்காகச் சஸ்பென்ஷன் ஆர்டரும் சார்ஜ் ஷீட்டும் காத்திருந்தன. இரண்டையும் டைப் அடித்தவள் நான். அனுமதியின்றி ஆலையை விட்டு வெளியேறியது, ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கைவிட்டது, மேலதிகாரியின் உத்தரவை மீறியது. வேலையை விட்டே நீக்கக்கூடிய குற்றங்கள். டிக்டேஷன் நடுவில் நான் பென்சிலை நிறுத்தினேன்.

"சார், அந்த ஸ்லிப்பு..."

"மேடம், டிக்டேஷன் நடுவுல பேசப் பர்மிஷன் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"கேளுங்க."

"பேசலாமா சார்?"

"கூடாது. எழுதுங்க. ‘வித்தவுட் பர்மிஷன்.’ கமா."

எழுதினேன். சீட்டு கேட்டில் கம்பியில் இருக்கிறது என்று சொல்வதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. அவராக யோசித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் மேசைக்குத் திரும்பி வராத காகிதம் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் கிடையாது. சுவர் ஏறிக் குதித்துப் போயிருப்பான் என்றுதான் அவர் முடிவு கட்டியிருந்தார். ‘சார் கொடுத்தார், போனேன்’ என்று ஏழுமலை தமிழில் எழுதிக் கொடுத்த விளக்கத்தின் மேல் ‘அன்சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதி இனிஷியல் போட்டார். நேரத்தோடு.

இரண்டு மாதம் ஏழுமலை சஸ்பென்ஷனில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வரும்போது தெருமுனையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஆஸ்பத்திரிக்கு போறேன், டாக்டரம்மா பேனாவ கையில வச்சிக்கினு வாசல்லயே நிக்கிறாங்கக்கா. பேப்பர்ல கையெழுத்து போட்ட ஒடனே உள்ள ஓடிட்டாங்க. நான் இன்னா எழுதினேன்னு கூட படிக்கல. கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ரெண்டு உசுரும் கெடையாதுன்னாங்க." குழந்தையின் தலையைத் துணியால் மூடினான். "எனுக்கு ஒரு பர்மிஷன் குடுக்க இங்க எம்மாம் யோசிக்கிறாங்க. அங்க நான் குடுத்தாதான் ஆபரேஷனே."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

விசாரணையை நடத்தி முடிவு சொல்ல மெட்ராஸிலிருந்து ஒரு வயதான வக்கீலைக் கம்பெனி ஏற்பாடு செய்தது. கேன்டீனுக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. வக்கீல் ஒவ்வொரு முறையும் இயற்கை நீதி, இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்து, காபி எப்போது வரும் என்று முடிப்பார். ராகவன் சார்தான் புகார் கொடுத்தவர், அவர்தான் சாட்சி. நான் ஷார்ட்ஹேண்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு அமர்வுகளில் ராகவன் சார் பேசியதெல்லாம் அச்சுக்குப் போகலாம் போல இருந்தது. ஏழுமலை வாயைத் திறந்தால் ‘இல்ல சார்’, ‘ஆமா சார்’. அவன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது அமர்வில் வக்கீல் அவனைப் பார்த்துக் கேட்டார்: "நீ எப்படிப்பா வெளியே போனே? சுவர் ஏறியா?"

"சொவரா? கேட்டு வழியா சார். சீட்டு குட்த்துட்டுதான் போனேன். மாணிக்கண்ணாவ கேளுங்க."

வக்கீல் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் விறைப்பாக வந்து சல்யூட் அடித்து, நூலில் கட்டிய அந்த மாதத்துச் சீட்டுகளை மேசையில் வைத்து, பிரித்து, ஒரே சீட்டை உருவி நீட்டினார். நடுவில் கம்பி குத்திய ஓட்டை. ஓரத்தில் கரி அடையாளம்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு ராகவன் சார் பக்கம் திரும்பினார்.

"இது யாரோட இனிஷியல்?"

"என்னோடது."

"நேரம்?"

"பதினொண்ணு நாப்பத்திரண்டு."

"‘டேக்கன்’ங்கறதை அடிச்சிட்டு மேல என்ன எழுதியிருக்கீங்க?"

"அது கிராமர் கரெக்ஷன்."

"என்ன எழுதியிருக்கீங்கன்னு கேட்டேன்."

"கிராண்டட்."

"யார் கிராண்ட் பண்ணினது?"

"யாரும் பண்ணல. அது வாக்கியத்துக்காக."

"வாக்கியத்தை ஒரு தடவை படிங்க."

ராகவன் சார் சீட்டை வாங்கினார். கை தானாக ஸ்கேலைத் தேடியது. அங்கே ஸ்கேல் இல்லை. "டூ ஹவர் பர்மிஷன் கிராண்டட்" என்று படித்தார். பிறகு அவரே மெதுவாக, "‘ஹவர்ஸ்’னு வரணும். அந்த எஸ் விட்டுப் போச்சு" என்றார்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

அப்புறம்தான் அவருக்கு என் ஞாபகம் வந்தது. புதிதாக எழுதி வரச் சொல்லும்படி ஸ்டெனோவிடம் தெளிவாகச் சொன்னேன், அந்த உத்தரவைத்தான் அவன் மீறினான் என்றார். வக்கீல் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா அது? சாட்சி சொல்லுங்க."

"நான் சாட்சி சொன்னா யார் சார் எழுதறது?"

அந்த அறையில் ஷார்ட்ஹேண்ட் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வக்கீல் யோசித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லி நீங்களே எழுதிக்குங்க" என்றார். என் சாட்சியத்தை நானே எழுதினேன். கேள்வியை எழுதி, பதிலைச் சொல்லி, சொன்னதை எழுதி. பேசிக்கொண்டே எழுதியதில் பிற்பாடு என் கோடுகளை எனக்கே படிக்க முடியவில்லை.

"ஆபீசர் திருப்பி எழுதச் சொன்னாரா?"

"சொன்னார் சார்."

"நீங்க இவர்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்றதுக்குள்ள இவர் ஓடிட்டாரா?"

வக்கீல் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறார் என்று புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் பழி பாதி ஏழுமலை மேல் விழும். கேட்காமல் ஓடினான் என்று ஆகிவிடும். அவன் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார். நின்னுட்டுத்தான் இருந்தார். என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். எழுதியிருந்ததைப் படிச்சேன். அர்த்தம் கேட்டார். சொன்னேன். மத்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

ராகவன் சார் என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக என் டைப்பிங்கில் தப்பு தேடிய கண்கள். அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தன என்று நினைக்கிறேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார். அதிகாரியின் கையெழுத்தோடும் நேரத்தோடும் ‘கொடுக்கப்பட்டது’ என்று ஒரு தாள் இருக்கும்போது, அது இலக்கணத்துக்காக எழுதியது என்று தொழிலாளி ஊகிக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. ஏழுமலை அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். புதன்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது. உத்தரவைத் தெரிவிக்கத் தவறியதற்காக எச்சரிக்கை, டைம் ஆபீசுக்கு மாற்றம். ராகவன் சாரே எழுதியது. நான் டைப் அடிக்காததால் கையால் எழுதியிருந்தார். அவ்வளவு சுத்தமான இங்கிலீஷில் எனக்கு வாழ்க்கையில் வேறு கடிதம் வந்ததில்லை. அதில் ‘பர்மிஷன்’ என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

டைம் ஆபீஸ் என்பது வருகிறவர் போகிறவர் நேரம் பதிய, கேட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. கோடையில் டைப்ரைட்டர் விசைகளைத் தொட முடியாது. மாணிக்கம் அண்ணனின் ரேடியோவையும் அவருடைய எல்லைப்புறக் கதைகளையும் கேட்டுக்கொண்டு அங்கே பல வருடம் உட்கார்ந்தேன். நான் அங்கே மாறிய மாதமே ஒரு புதிய சர்க்குலர் வந்தது. இனிமேல் சீட்டைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் எழுதின சீட்டில் ராகவன் சார் ஸ்கேல் வைக்கவில்லை. படிக்கவும் இல்லை. ‘வயிற்றுவலி’ என்பதை எத்தனை விதமாக எழுத முடியும் என்று எங்கள் ஆட்கள் காட்டினார்கள். எல்லாவற்றிலும் பளிச்சென்று இனிஷியல் இருந்தது. இத்தனை வருடம் ஜனங்களை வெளியே விடாமல் நிறுத்தி வைத்திருந்தது இங்கிலீஷ் மட்டும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ராகவன் சார் ஓய்வு பெற்றார். கேன்டீனில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, கேசரி கொடுத்தார்கள். நான் டியூட்டியில் இருந்ததால் எனக்குக் கேசரி மட்டும் வந்தது. சாயங்காலம் அவரை வீட்டில் விட வேண்டிய கம்பெனி கார் வண்டலூர் பக்கம் போன இடத்தில் மாட்டிக்கொண்டது. அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"ஸ்டெல்லா மேடம்" என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க வேணும்னேதானே அந்த ஆள்கிட்ட சொல்லாம விட்டீங்க?"

"ஆமா சார்."

தெரிந்த விஷயம்தான் என்பது மாதிரி தலையை ஆட்டினார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்து அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று நினைத்தேன். அவள் மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டி என்று செல்வி மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு நான் தயாராக இருந்தேன்.

அவர் மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளிக் கீழே போட்டார்.

"ஆனா ‘டேக்கன்’ தப்பு" என்றார். "‘கிராண்டட்’தானே கரெக்ட்?"

"கரெக்ட்தான் சார்."

அவர் முகம் தெளிந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. ஏறிப் போனார்.